வலிக்காத கால்

படுத்துக் கிடப்பது எனக்கு வராது. என் கல்யாணத்தில் மணவறையில் உட்கார வைத்திருந்தபோதே, பந்தியில் சாம்பார் போதுமா என்று எழுந்து பார்க்கப் போனவள் நான். என் நாத்தனார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவளைப் பிடித்து, வலது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் கிட என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த நாட்களைத்தான் எழுதப் போகிறேன். புண் ஆறிவிட்டது. படித்துவிட்டு யாராவது ஒருவர் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் எனக்கு அது போதும்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். முன்பு அதே அறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இமெயில், இமெயில் என்று கேட்டுக்கொண்டு தெருவில் அலைந்தார்கள். நான் யோசித்துக்கொண்டு நிற்கிறவள் இல்லை. மெஷின்களைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர்களைப் போட்டேன். என் வீட்டுக்காரர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கிளார்க். கம்ப்யூட்டரைத் தொட்டால் கெட்டுப்போய்விடும் என்று நம்புகிறவர். மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான்.

கடை வாசலில், செருப்பை வெளியே விடவும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். அந்தக் காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டர் அறையிலும் அது இருந்தது. தூசி பட்டால் மெஷினுக்கு ஆகாது என்பார்கள். நானும் உள்ளே நாள் முழுக்க வெறுங்காலோடுதான் நடந்துகொண்டிருப்பேன்.

ஒரு நாள் திரையில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. மானிட்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, திரைக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டினேன். இன்னும் மங்கியது. கண் டாக்டரிடம் போய் வேறு கண்ணாடி எழுதிக் கொடுங்கள் என்று நின்றேன். அவர் பார்த்துவிட்டு, கண்ணாடி எங்கும் ஓடிப்போகாது, முதலில் போய் ரத்தத்தில் சர்க்கரை பார்த்துக்கொண்டு வாங்கம்மா என்றார். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டபின் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். கடைசி மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஒரு பரிசோதனையும் செய்தார்கள். மூன்றுமே ஜாஸ்தி. இது நேற்று வந்ததில்லை, சில வருஷமாகவே இருந்திருக்கும் என்றார் சர்க்கரைக்குப் பார்த்த டாக்டர். மாத்திரை எழுதினார். நடக்கச் சொன்னார். பேச இன்னும் ஏதோ இருந்தது போலத்தான் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். வெளியே கூட்டமாக இருந்தது, கடையை வேறு திறக்க வேண்டும்.

டாக்டர் சொல்லாததை இன்டர்நெட் சொல்லாதா என்ற தைரியம் எனக்கு. அன்றைக்கு மதியமே உட்கார்ந்து தேடினேன். என்னென்னவோ வந்தது. உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, காய்கறியைக் கூட்டு, தினமும் அரை மணி நேரம் வேகமாக நட. எல்லாம் ஏதோ ஒரு குளிர்நாட்டு ஆஸ்பத்திரியின் பக்கம். நான் இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பு. ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கு மேலும் ஒட்டினேன். சொந்தக்காரர்களுக்கும் இமெயிலில் அனுப்பினேன். எங்கள் சொந்தத்தில் இமெயில் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் சுகர் கிடையாது. கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் எனக்கு சுகர் டீச்சர் என்று பேர் வைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதே பக்கத்தில் கால்களைப் பற்றியும் எழுதியிருந்தது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், பொருத்தமான ஷூ போடுங்கள், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். அதை நான் படிக்காமல் இல்லை. வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன்.

“இத எழுதுனவன் வூட்டுல பூஜை ரூமே இருக்காது போல,” என்றார் அவர்.

இரண்டு பேரும் சிரித்தோம். பனி பெய்கிற ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொன்னது, நமக்கு எதற்கு என்று அந்த வரியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒட்டினேன்.

நடப்பதற்கு இந்த ஊரில் இடமா தேட வேண்டும்? மலை இருக்கிறது, மலையைச் சுற்றி ரோடு இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் உலகமே வந்து சுற்றுகிறது. அரை மணி நேரம் நடந்தாலே நல்லது என்றால், கிரிவலம் முழுக்கச் சுற்றினால் எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டேன். வாரத்தில் பாதி நாள் விடிகாலையில் கிளம்பிவிடுவேன். கிரிவலம் என்றால் வெறுங்கால்தான். சாமியே மலையாக நிற்கிற ஊரில் செருப்புப் போட்டுக்கொண்டா சுற்றுவது? அப்படி நடக்கிறவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. சர்க்கரை இறங்கியது. உடம்பும் இளைத்தது. என்னைப் பார்த்துக் கடைப்பக்கத்துப் பெண்கள் சிலரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

என் நாத்தனார் ருக்மணி, வீட்டுக்காரரின் அக்கா, கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். ஒரு பௌர்ணமி தவறாமல் வந்து மலை சுற்றிவிட்டு, எங்கள் வீட்டில் தங்கி, மறுநாள் பஸ் ஏறுவார். நான் அடிக்கடி சுற்றுகிறேன் என்று கேட்டதும் அவருக்கு என்மேல் ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது. மணவறைக் கதையைச் சொல்லிச் சிரிப்பதைக்கூடக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருந்தார்.

சித்திரை மாதம் ஒரு நாள் விடிகாலையில் கரண்ட் இல்லை, தண்ணீர் வரவில்லை, கிளம்ப நேரமாகிவிட்டது. இன்னொருத்தி என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். எனக்குத்தான் அது வராதே. பாதி தூரம் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. எதிரில் வந்த ஒருவர் தார் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் குதித்துக் குதித்துப் போனார். நான் நடுரோட்டில் ராணி மாதிரி நடந்தேன். எனக்குச் சூடே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளங்கள். வலது காலில், மெட்டி போட்ட விரலுக்குக் கீழே பெரிதாக ஒன்று. ஆனால் துளி வலி இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த வாரம் வந்த அக்காவிடம் காட்டினேன். அவர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அண்ணாமலையார் தாங்கிக்கினாரு உன்ன. இல்லனா இந்த வெயிலுக்கு வலிக்காம இருக்குமா?”

நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டு, அதே காலோடு இன்னும் சில தடவை மலையைச் சுற்றினேன்.

பிறகு கடையில் ஒரு நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. எலி செத்துப் போய்க் கிடக்கிறது என்றார் வீட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிக்கொண்டு இரண்டு பேரும் தேடினோம். மேஜைகளை நகர்த்தினோம், ஒயர்களையெல்லாம் பிடுங்கினோம், ஒரு சிபியூவைத் திறந்துகூடப் பார்த்தோம். எலி இல்லை. நான் எந்த மூலைக்குப் போனாலும் நாற்றம் அங்கே இருந்தது. களைத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு நாளாகவே லேசாகக் காய்ச்சல் வேறு. அவர் தரையில் முட்டி போட்டு என் மேஜைக்கு அடியில் தலையை விட்டார். அங்கிருந்தபடியே என் வலது காலைக் கையில் எடுத்துத் திருப்பினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பெரிய கொப்புளம் உடைந்து, கறுத்து, உள்ளே குழியாகி இருந்தது.

அன்றைக்கே ஊரில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சிலும் யாரோ யாரையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் படாத பாடு பட்டதை நான் பார்த்தேன். அவமானத்தில் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். எழுந்து போய்விடலாமா என்று நாலு தடவை தோன்றியது. வீட்டுக்காரர் என் முந்தானையைத் தன் கைவிரலில் சுற்றிப் பிடித்திருந்தார். என்னைத் தெரிந்தவர் இல்லையா?

சர்ஜன் அதிகம் பேசாத மனிதர். புண்ணைப் பார்த்தார், எக்ஸ்ரே எழுதினார். அப்புறம் பேனா போன்ற ஒரு பிடியில் செருகிய நைலான் நூல் ஒன்றை எடுத்தார். மீன் தூண்டிலில் கட்டுவார்களே, அந்த மாதிரி நூல், சிறியதாக.

“கண்ண மூடிக்குங்கம்மா. இந்த நூலால பாதத்துல தொடுவேன். தொடுறது தெரிஞ்சா ‘உம்’னு சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். வெளியே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஆரம்பிங்க டாக்டர்,” என்றேன்.

“முடிச்சிட்டேம்மா.”

கண்ணைத் திறந்தேன். வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். இரண்டு பாதத்திலும் ஓர் இடம் விடாமல் டாக்டர் தொட்டாராம். வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

டாக்டர் விளக்கினார். சர்க்கரை பல வருஷம் ஏறிக் கிடந்தால் காலின் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப் போகும். அப்புறம் சூடும் தெரியாது, குத்தலும் தெரியாது. வலி என்பது உடம்பு போடுகிற கூச்சல். எனக்கு அந்தக் கூச்சல் நின்று போயிருந்தது. அண்ணாமலையாரின் அருள் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது நரம்பு செத்த கதையைத்தான்.

எக்ஸ்ரேயில் விரல் எலும்பு அரித்திருந்தது தெரிந்தது. மெட்டி விரலை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். விரலோடு நின்றால் அதிர்ஷ்டம். மருந்துக்குக் கட்டுப்படாமல் மேலே ஏறினால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும். சில நாள் மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். விரலா, பாதமா? அந்த ஒரு கேள்வியோடு என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

பாதம் இல்லாமல் நான் என்ன செய்வேன்? நான் உட்கார்ந்து யோசிக்கிறவள் இல்லை, நடந்துகொண்டே யோசிக்கிறவள். கட்டையை ஊன்றிக்கொண்டு கடைக்குள் வருவதை நினைத்துப் பார்த்தேன். அப்புறம் அதை நினைக்காமலிருக்க முயன்றேன். விளக்கை அணைத்துவிட்டால் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வெளிச்சம் வருவதற்குள் போர்வையை எத்தனை விதமாக மடிக்கலாமோ அத்தனை விதமாகவும் மடித்துவிடுவேன். நர்ஸ் வந்து காலைத் தலையணை மேல் திரும்பத் தூக்கி வைப்பார். இங்க பாருங்க, கால் ஆடுனா மருந்து வேலை செய்யாது என்பார். அவர் போனதும் திரும்ப ஆட்டுவேன்.

ஒரு சிறு கருவியைப் பாதத்தின் மேல் வைத்து ரத்த ஓட்டம் பார்த்தார்கள். டாப்ளர் என்று பெயர். ரத்தம் ஓடுவதைச் சத்தமாக மாற்றிக் கேட்க வைக்கும். ஷ்ஷ், ஷ்ஷ் என்று துணி துவைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஓட்டம் நன்றாக இருக்கிறது, புண் ஆற வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். செத்துப்போன என் காலிலிருந்து அந்தச் சத்தம் வந்ததைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். தினமும் அதை வைத்துக் காட்டுவார்களா என்று நர்ஸிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

விரல் வீங்கிவிட்டதால் மெட்டி கழலவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார்கள், நூல் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சின்ன ரம்பம் ஒன்றைக் கொண்டுவந்தார் நர்ஸ். அப்போது அக்கா பக்கத்தில் இருந்தார். தம்பி உயிரோடு இருக்கும்போது மெட்டியை அறுப்பதா என்று அவர் முகம் வெளுத்துவிட்டது. வராந்தாவில் நின்ற தன் தம்பியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, என் தலைமாட்டில் நிறுத்தினார். அறுத்து முடிக்கிறவரை தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். வெட்டின மெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மகன் வாரக் கடைசியில் வந்து போனான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் கம்ப்யூட்டர்களில் பாதி போயிற்று, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. அக்கா தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். சர்க்கரைக்காரிக்கு அரிசி கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கேழ்வரகுக் களியும் கீரையும் தூக்குச் சட்டியில் எடுத்து வருவார். களியிலும் சர்க்கரை ஏறும் என்று நான் இன்டர்நெட்டில் படித்ததைச் சொல்லவே இல்லை, அளவாகச் சாப்பிட்டேன். அந்தத் தூக்கை அவர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார், திறந்தால் சூடு இருக்கும்.

இடையில் பௌர்ணமி வந்தது. மறுநாள் காலையில் எனக்கு ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. சாயங்காலமே ஜன்னலுக்கு வெளியே கூட்டம் தொடங்கிவிட்டது. ஸ்பெஷல் பஸ்கள் வந்து வந்து ஆட்களை இறக்கின. எத்தனை ஆயிரம் வெறுங்கால்கள்! எழுந்து நின்றால் ஜன்னலில் மலை தெரியும். எனக்கு எழுந்து நிற்க அனுமதி இல்லை. கட்டிலோடு சேர்த்து என்னை இழுத்துப் போய் அந்தக் கூட்டத்தில் விட்டால்கூடப் போதும் என்று இருந்தது. ஒரு பக்கம் அவர்களோடு நடக்க வேண்டும் என்ற வெறி. இன்னொரு பக்கம், ஒவ்வொருவரையும் நிறுத்தி, காலைக் காட்டு என்று கேட்க வேண்டும் போல ஒரு தவிப்பு.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“நீ படு. உனக்கும் சேத்து நான் சுத்திட்டு வரேன். பாதம் போவாது. நான் சொல்றேன்ல.”

விடிந்ததும் வந்துவிட்டார். தூங்காத கண். நெற்றி நிறைய விபூதி. என் நெற்றியில் பூசிவிட்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவருடைய குதிகாலில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் ஏதோ கண்ணாடிச் சில்லு போலப் பளபளத்தது. அக்கா, கால்ல ரத்தம் என்றேன். திருப்பிப் பார்த்தார். அட, எப்ப பட்டுச்சோ என்று சில்லைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். அதற்குள் என்னை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போக ஆள் வந்துவிட்டது. என் புத்தியில் என் பாதம் ஒன்றுதான் இருந்தது.

விரல் போயிற்று. பாதம் தங்கிவிட்டது. மயக்கம் தெளிந்ததும் போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். கட்டுக்குள் பாதம் முழு அகலத்துக்கு இருந்தது. டாக்டர் வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் இன்னும் பொல்லாதவை. பயம் கொஞ்சம் விலகியதும் வேலை இல்லாத கையும் காலும் என்னைப் பிடுங்கித் தின்றன. அந்தக் குளிர்நாட்டு ஆஸ்பத்திரிப் பக்கத்தில் கேள்வி கேட்க ஒரு முகவரி இருந்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரரை உட்கார வைத்துச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு மலை இருக்கிறது, அதைச் சாமியாகக் கும்பிட்டு வெறுங்காலோடு சுற்றுகிறோம். காலில் உணர்வு போனவர்களும் சுற்றுகிறார்கள். இதற்கு என்ன வழி? கடைக்குப் போய் இதை இங்கிலீஷில் அடித்து அனுப்புங்கள் என்றேன்.

கம்ப்யூட்டரைத் தொடாத மனிதர். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து அனுப்பியிருக்கிறார். பதில் வந்திருக்கிறதா என்று தினமும் ஆபீஸ் விட்டதும் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் முகமெல்லாம் பூரித்து வந்தார். பிரிண்ட் எடுக்கத் தெரியாததால் திரையைப் பார்த்து, பதில் முழுவதையும் ஆபீஸ் காகிதத்தில் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அந்த ஊர் டாக்டர் முதலில் கேட்டிருந்தது: ஷூ போட அனுமதிக்கிற வேறு ஒரு மலையை நீங்கள் சுற்ற முடியாதா?

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் ஓடி வந்தார். சிரித்து ஓய்ந்தபின் மிச்சத்தைப் படித்தேன். நாங்கள் வெறுங்காலோடு வாழ்கிறவர்களை நினைத்து எழுதவில்லை, எங்களுக்கு அது தெரியாது, உங்கள் ஊருக்கு உங்கள் ஊர்க்காரர்தான் எழுத வேண்டும் என்று முடித்திருந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒரு ஜோடி செருப்புக் கொடுத்தார். கறுப்பாக, தடியாக, உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்து, குதிகாலுக்குப் பின்னால் பட்டை கட்டியது. தொழுநோய் கண்டவர்களுக்காக முதலில் செய்ததாம். அவர்களுக்கும் காலில் உணர்வு போய்விடும் என்றார். வீட்டுக்குள்ளும் இதைக் கழற்றக் கூடாது. நான் கெஞ்சிக் கேட்டதன் பேரில் தன்னிடமிருந்த ஒரு பழைய நைலான் நூலையும் கொடுத்தார். நூல் லேசாக வளைகிற அளவுக்கு அழுத்தினால் போதும் என்று காட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கையில் எடுத்தது அந்த வேலைதான். தமிழில் ஒரு பக்கம் செய்தேன். அந்த நாளில் தமிழ் எழுத்து திரையில் வருவதே பெரும்பாடு. படிக்கிறவர் முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். கிரிவலம் போகிறவர்களுக்கு என்று தலைப்பு வைத்தேன். கிளம்பும் முன் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் போகாதீர்கள். முடித்ததும் உள்ளங்காலை முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள். கால் வலிக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரிடம் போங்கள். பக்கத்துக்குக் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஓடும். பல நாள் அது நகரவே இல்லை. அப்புறம் எங்கோ வெளிநாட்டிலிருக்கும் தமிழர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் நடக்கிறவர்கள் யாரும் பார்க்கவில்லை, அவர்களுக்கு ஏது கம்ப்யூட்டர்? ஆகவே அதையே பிரிண்ட் எடுத்துக் கடை வாசலில் ஒட்டினேன். செருப்பை வெளியே விடவும் என்றிருந்ததைக் கிழித்துவிட்டு, செருப்போடு உள்ளே வரவும் என்று எழுதினேன். தூசி பட்டால் மெஷின்தானே போகும், போகட்டும்.

நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த பௌர்ணமியில், கறுப்புச் செருப்போடு கிரிவல ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தேன். அக்காவும் என்னோடு வந்திருந்தார். என் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். விரல் போனபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

“சாமிய செருப்புக் கால்ல சுத்தறதுக்கு வூட்லயே இருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு முன்னால் விடுவிடுவென்று போய்விட்டார். அந்த மாதமும் அடுத்த மாதமும் எங்கள் வீட்டில் தங்கவில்லை. மலை சுற்றிவிட்டு நேராக பஸ் ஏறிவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தினமும் தூக்கோடு வந்தவர் அப்படிச் செய்தது எனக்குத் தாங்கவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருப்பதாகவும் ஒரு பக்கம் தோன்றியது.

மல்லாட்டை பிடுங்கிய சமயம், கோபம் ஆறி, ஒரு பை நிறைய மல்லாட்டையோடு கடைக்கே வந்தார். உள்ளே நான் இரண்டு பெண்களை உட்கார வைத்து நூலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எல்லோரும் ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டதும் கூசிச் சிரிப்பார்கள், நானும் சிரித்து அனுப்பிவிடுவேன். அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்தார். நான் ஒட்டியதைப் படித்திருப்பார், வேண்டுமென்றேதான் கழற்றினார். அந்தப் பெண்கள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

“எங்க, என் காலையும் பாரு. எத்தினி வருஷமா மலைய சுத்துன காலு. எனக்குச் சக்கரயும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“பரிசோதனை பண்ணீங்களாக்கா?”

“எதுக்குப் பண்ணணும்? நல்லாத்தான இருக்கேன்.”

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். தொட்டால் உம் என்று சொல்ல வேண்டும் என்றேன். தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைக் கையில் எடுத்தேன். குதிகாலில் அந்தச் சில்லு குத்திய வடு இருந்தது. அட, எப்ப பட்டுச்சோ என்று அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

கட்டை விரலில் தொட்டேன். நூல் வளைந்தது. நடுப்பாதத்தில் தொட்டேன். குதிகாலில், வடுவின் மேலேயே வைத்து அழுத்தினேன். அடுத்த காலை எடுத்தேன். அக்காவின் முகம் அமைதியாக இருந்தது, சாமி கும்பிடுகிற முகம். தொட்ட இடங்களையே திரும்பத் தொட்டேன்.

“இன்னாமா இது, எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு உக்காந்திருக்கறது?” என்றார் அக்கா. “சீக்கிரம் ஆரம்பி.”

நான் என் கறுப்புச் செருப்பின் பட்டையை அவிழ்த்துக் கழற்றினேன். அவர் பாதங்களை ஒவ்வொன்றாக அதற்குள் வைத்துப் பட்டையைக் கட்டினேன்.

“முடிச்சிட்டேன்க்கா,” என்றேன்.